கூட்டம் கலைவதற்கு முன்

யாக்கோபோ பொய்ச் சத்தியம் செய்யப்போகிறான் என்று சலாஃபைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியமே தெரிந்துபோயிற்று. கோயிலிலிருந்து வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே அவன் சொன்னான்: "நாளைக்குப் போறேன், கையை வைக்கிறேன், சொல்றேன், வர்றேன். இதுல என்ன இருக்கு?"

யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று அவள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

யாக்கோபோ சபை மூப்பன். மாதத்தில் ஒரு ஞாயிறு பிரசங்கமும் அவனுடையதுதான். அவன் நரகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முன்வரிசைக் கிழவிகள் விசிறியைக்கூட ஆட்டமாட்டார்கள். அதே யாக்கோபோதான் சனிக்கிழமை மதியம் சபை மண்டபத்தின் பின்னறையில், பாடகர் குழுவின் வெள்ளை உடுப்புகளை அடுக்கிவைத்த பெட்டிகளுக்கு நடுவே, சிகரெட் பிடித்தபடியே கண்ணயர்ந்து போனான். மூப்பர்கள் புகைக்கக் கூடாது என்பது சபை விதி. அந்த விதிக்குப் பயந்து ஒளிய சபை மண்டபத்தைவிட நல்ல இடம் அவனுக்குத் தோன்றவில்லை. முழங்கை சுட்டபோது எழுந்து, சேப்பங்கொல்லை வழியாகக் குனிந்து குனிந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஊர் வாளியோடு ஓடியது. அவனும் சட்டையை மாற்றிக்கொண்டு, முழுக்கைச் சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, வாளியோடு ஓடினான். பாதி மண்டபமும் ஆர்கனும் சாம்பலாயின.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஊர்த் தலைவர் துய்லோமா எழுந்து நின்றார். சனிக்கிழமை மண்டபத்துப் பக்கம் நான்கு பேர் நடமாடியதைப் பார்த்திருக்கிறார்கள். நால்வரும் திங்கட்கிழமை காலையில் கூட்ட வீட்டுக்கு வந்து வேதத்தின் மேல் கை வைக்க வேண்டும் என்றார். நால்வரில் ஒருவன் யாக்கோபோ. அவனை யாரும் சந்தேகிக்கவில்லை. எல்லார் கண்ணும் எலியோத்தாவின் மேல்தான் இருந்தது. அவன் கோயிலுக்கு வராதவன். போன மாதம் போதகரின் புது வண்டியைப் பார்த்து, "ஆடெல்லாம் நடந்து போகுது, மேய்ப்பர் மட்டும் வண்டில போறாரு" என்று சத்தமாகச் சொன்னவன். அப்படிப்பட்டவன் மண்டபத்துக்கு நெருப்பு வைக்காமல் வேறு யார் வைப்பார்கள் என்பது ஊரின் தர்க்கம்.

சவாயித் தீவில் திருட்டுக்கும் தீவைப்புக்கும் போலீஸ் வருமுன்பே வேதம் வந்துவிடும். ஊரின் பழைய பெரிய வேதப் புத்தகம் வெள்ளைத் துணியில் சுற்றி, கயிறு கட்டி, போதகர் வீட்டில் இருந்தது. அதை யாரும் பிரிப்பதில்லை. பிரிக்கக் கூடாது என்று யார் சொன்னார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் யாரும் பிரித்ததில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் அந்த மூட்டையின் மேல் வலது கையை வைத்து, "நான் இதைச் செய்திருந்தால் தேவன் என்னைப் பார்க்கட்டும், என் வீட்டு விளக்கு அணையட்டும்" என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் சாவு. சொன்னவனுக்கு இல்லாவிட்டால் அவன் வீட்டில் ஆகக் கடைசியாக வந்த உயிருக்கு. ஒரே ஒரு வழி உண்டு: கூட்டம் கலைவதற்கு முன் அந்த வீட்டாரில் ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால் சத்தியம் அவிழ்ந்துவிடும். கலைந்த பிறகு போதகராலும் அவிழ்க்க முடியாது.

சலாஃபையின் மகள் லூப்பேக்கு இது ஒன்பதாம் மாதம். இன்றோ நாளையோ என்றிருந்தது. வீட்டில் ஆகக் கடைசி உயிர் இன்னும் வெளியே வரவேயில்லை.

இந்த மூட்டையின் வலிமையைச் சலாஃபைக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய சொந்த அண்ணன் பிலேமோனி, ஏழு வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டுப் படகின் எந்திரம் காணாமல் போனபோது இதே மூட்டையின் மேல் கை வைத்து, நான் எடுக்கவில்லை என்றவன். அந்த வருஷம் முடிவதற்குள் சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்தார்கள். அப்புறம் ஆளையே எடுத்துப் போயிற்று. வேதம் பார்த்துவிட்டது என்றது ஊர். அண்ணியும் பிள்ளைகளும் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சலாஃபை அண்ணனின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒத்துக்கொள் அண்ணா, இப்போதாவது ஒத்துக்கொள் என்று கெஞ்சியவள். "நான் எடுக்கல தங்கச்சி" என்பான் அவன். ஒவ்வொரு நாளும் அதே பதில். ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்து, அதோடு அங்கே போவதை நிறுத்திவிட்டாள். சவப்பெட்டியில் எல்லாரும் குனிந்து முகத்தை முத்தமிட்டபோது அவள் மட்டும் குனியவில்லை. அவ்வளவு விசுவாசம்.

ஞாயிறு மதியம் முழுக்க அவள் புருஷனிடம் மன்றாடினாள். எழுந்து உண்மையைச் சொல்லிவிடச் சொன்னாள். அவன் சிரித்தான். அடுத்த மாதம் அவனுக்குக் குடும்பத் தலைவர் பட்டம் கட்டப்போகிறார்கள், இப்போது போய் ஒரு சிகரெட்டுக்காக எல்லாவற்றையும் கடலில் போடுவதா என்று கேட்டான். உன் அண்ணனைக் கொன்றது சர்க்கரை, வேதம் இல்லை என்றான்.

"அப்ப மேடையில நின்னு அவ்ளோ சொல்றீங்களே, நரகம், அக்கினிக் கடல்னு. அதெல்லாம்?" என்று கேட்டாள்.

"அது சனங்களுக்கு. பயம் இல்லேன்னா எவன் கோயிலுக்கு வருவான்?" அவன் விரல்களை நக்கிக்கொண்டான். "இங்க பாரு சலா, நான் தேவன் இல்லேன்னு சொல்லல. இருக்காரு. ஆனா ஒரு சிகரெட்டுக்காக ஒரு பச்சைப் புள்ளையைக் கொல்ற அளவுக்கு அவருக்கு வேற வேலை இல்லாம இல்ல."

நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. யாராவது வெளியூர்ப் போதகர் இதைச் சொல்லியிருந்தால் சலாஃபை தலையாட்டியிருப்பாள். ஆனால் பயத்துக்கு நியாயம் தெரியுமா? வாசல் பக்கம் லூப்பே இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காலையில் வேதம் வாசிப்பாள். பொழுது சாயும் நேரத்தில் ஆவி பிடித்துவிடும் என்று தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். எதற்கும் இருக்கட்டுமே என்று இரண்டு பக்கமும் கும்பிடு. அவளிடம் இதைச் சொல்லவும் முடியாது. சொன்னால் அந்த அதிர்ச்சியிலேயே ஏதாவது ஆகிவிடும்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். யாக்கோபோவின் நெஞ்சு நன்றாகத் தூங்கி எழுந்து திங்கட்கிழமை காலையில் இரண்டாம் கோப்பை கோகோ கேட்டது. குறுகுறுத்ததெல்லாம் சலாஃபையின் நெஞ்சுதான்.

வேத மூட்டையைப் போதகர் வீட்டிலிருந்து கூட்ட வீட்டுக்கு எடுத்துப்போவது மூப்பர் மனைவிமாரின் வேலை. அன்றைக்கு அவளுடைய முறை. விடிவதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டாள். மூட்டையைப் பிரித்து வேதத்தை எடுத்துவிட்டு இதை வைத்துக் கட்டிவிடுவது, யாக்கோபோ பாட்டுப் புத்தகத்தின் மேல் கையை வைத்து எதை வேண்டுமானாலும் சொல்லட்டும் என்பது அவள் கணக்கு. யாரும் பிரிக்காததைப் பிரிக்கப்போகிறாள். இந்தப் பாவம் என் தலையோடு போகட்டும், குழந்தையைத் தொடாதே என்று வழியெல்லாம் தேவனிடம் பேரம் பேசிக்கொண்டே போனாள்.

போதகர் ஊரில் இல்லை. இந்த மாதிரிச் சத்திய நாட்களில் எப்படியோ அவருக்குத் தலைநகரில் ஒரு வேலை வந்துவிடும். போதகர் மனைவி வாயுலா பின்கட்டில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். உள்ளே போய் எடுத்துக்கொள்ளும்படி குரல் கொடுத்தாள். மூட்டை அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. சலாஃபை அதை இறக்கிப் பாயில் வைத்து, கதவைப் பார்த்தபடி முடிச்சை அவிழ்த்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, துணி போய்க்கொண்டே இருந்தது. கடைசிச் சுற்றை விலக்கியபோது இடிவிழும் என்று கண்ணை மூடினாள். இடி விழவில்லை. கண்ணைத் திறந்தாள்.

உள்ளே இருந்தது ஒரு மரக்கட்டை.

ஈரப்பலா மரத்துக் கட்டை. புத்தகத்தின் அளவுக்கு அறுத்து, ஓரங்களை இழைத்து, வழவழவென்று இருந்தது. ஒரு மூலையைக் கரையான் கொஞ்சம் அரித்திருந்தது. அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள், வேறு பக்கத்தில் வேதம் இருக்கும் என்பதுபோல.

"அக்கா." வாயுலா கதவருகே நின்றிருந்தாள். வயதில் சின்னவள், கையில் கரி. கத்தவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

தாங்கள் இந்த ஊருக்கு வந்தபோதே இப்படித்தான் இருந்தது என்று வாயுலா சொன்னாள். முன்பிருந்த போதகர் மனைவி வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போது இதையும் காதில் ஓதிவிட்டுப் போனாளாம். அவளுக்கும் முன்பு யாரோ ஒருத்தி, சாவைக் கேட்கிற புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு எப்படிப் பிள்ளை குட்டியோடு தூங்குவது என்று பயந்து, வேதத்தை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டுக் கட்டையை வைத்திருக்கிறாள். போதகர்களுக்கெல்லாம் தெரியும். இந்தச் சத்தியமே அஞ்ஞான வழக்கம் என்று வீட்டுக்குள் சொல்வார்கள். வெளியே சொல்ல எவருக்கும் துணிச்சல் இல்லை.

"எவ்ளோ காலமா?" என்று கேட்டாள் சலாஃபை.

"இருபது வருஷத்துக்கு மேல இருக்கும்."

"என் அண்ணன் கை வெச்சது?"

வாயுலா துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். பிறகு, யாக்கோபோவைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்றாள். "ஆனா பயப்படாதீங்க அக்கா. யாரு கை வெச்சாலும் கட்டை மேலதான்."

"தேவனுக்குக் காது கேக்கறதுக்குப் புஸ்தகம் வேணுமா?"

வாயுலாவின் கை நின்றது. "வேணாம்" என்றாள். "அதான் எனக்கும் பயம். ஒவ்வொரு தடவையும் இதைக் குடுத்தனுப்பிட்டு உள்ள போய் முழங்கால் போட்டுடுவேன்." அவள் சலாஃபையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இது வெளியே தெரிந்தால் பொழுது சாயுமுன் எங்களை ஊரைவிட்டு அடித்துத் துரத்திவிடுவார்கள், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள்.

பாட்டுப் புத்தகம் இடுப்பில் இருந்தபடியே இருந்தது. சலாஃபை கட்டையைத் துணியில் சுற்றிக் கட்டி, வேதத்தைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தாள். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. புத்தகம் இருந்தால் அதை எடுத்துவிடலாம். புத்தகமே இல்லாத இடத்தில் எதை எடுப்பது? கட்டைக்குக் காது இல்லை, சரி. மேலே இருப்பவருக்கு உண்டே. அண்ணன் கட்டையின் மேல்தான் கை வைத்தான், வருஷம் முடிவதற்குள் செத்தான். இப்போது யாக்கோபோ வாயைத் திறந்துவிட்டால் அதைத் தடுக்க நடுவில் ஒரு துணிகூட இல்லை.

கூட்ட வீட்டுக்குச் சுவர் கிடையாது. குடும்பத் தலைவர்கள் தூணுக்கு ஒருவராகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், ஊர் வெளியே புல்லில் உட்கார்ந்திருந்தது. சலாஃபை மூட்டையை நடுப்பாயில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எடுத்து வருபவள் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. பெண்களுக்கு அங்கே அவ்வளவுதான் வேலை.

யாக்கோபோ முதல் ஆளாக வந்தான். அவள் அவன் கண்ணையே பார்த்தாள். வேண்டாம் என்று தலையைக்கூட லேசாக அசைத்தாள். அவன் மேடைக்கு ஏறுகிற முகத்தோடு சம்மணமிட்டு, கையை வைத்து, பிரசங்கக் குரலில் சொன்னான். வீட்டு விளக்கு அணையட்டும் என்ற இடத்தில் குரல் கணீரென்றது. கிழவிகள் மெச்சிக்கொண்டார்கள். சலாஃபைக்குக் காதில் கடல் இரைந்தது. அடுத்து வந்த இருவரும் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எலியோத்தா வந்தான். எதையும் நம்பாதவன், எல்லாரையும் கிண்டல் செய்பவன். மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவன் கை நடுங்க ஆரம்பித்தது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று யார் சொன்னார்களோ, அவர்கள் இந்தப் பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும். கையைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். நெற்றியிலிருந்து வியர்வை பாயில் சொட்டியது.

"நான் நெருப்பு வைக்கல" என்றான். "ஆனா இது மேல கை வைக்க மாட்டேன். வேற தப்பெல்லாம் பண்ணியிருக்கேன். அதுக்குச் சேர்த்து ஏதாவது ஆயிட்டா? வீட்ல தம்பி தங்கச்சி எல்லாம் சின்னப் புள்ளைங்க."

புல்லில் உட்கார்ந்திருந்த ஊர் ஹும் என்றது. துய்லோமா தீர்ப்பைச் சொன்னார். எலியோத்தாவின் குடும்பம் சனிக்கிழமைக் கப்பலுக்கு முன் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும், வீட்டை ஊர் பிரித்துவிடும். அவன் தாய் புல்லிலேயே முகம் குப்புறச் சாய்ந்தாள். அழக்கூட இல்லை.

சலாஃபை அந்த நடுங்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பாவமும் அறியாத கை நடுங்குகிறது, எரித்த கை நடுங்கவில்லை. ஊர் இரண்டையும் பார்த்துவிட்டு இப்படித்தான் தீர்ப்புச் சொல்கிறது. அண்ணன் எடுக்கவில்லை. படுக்கையில் கிடந்து தினமும் சொன்னான், தினமும் உண்மையைத்தான் சொன்னான். வேறெந்த அத்தாட்சியும் இல்லாமல் அது அவளுக்குச் சட்டென்று தெரிந்துபோயிற்று. ஆனால் அதற்காக அழுவதற்கு நேரமில்லை. துய்லோமா முடிவு ஜெபத்துக்கு எழுந்துகொண்டிருந்தார். ஜெபம் முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும். கலைந்தால் லூப்பேயின் வயிற்றில் இருப்பது போய்விடும்.

"ஐயா" என்றாள்.

எல்லாத் தூண்களும் அவள் பக்கம் திரும்பின. நெருப்பு எலியோத்தா வைத்ததில்லை, என் வீட்டுக்காரர்தான், பின்னறையில் புகைத்தார் என்று அவள் சொல்லி முடித்தாள்.

யாக்கோபோ, "பாவம், மகளுக்குப் பிரசவ நேரம், இவளுக்குப் புத்தி கலங்கிப்போச்சு" என்றான், வெகு அமைதியாக.

"அப்படின்னா கையை வெச்சுச் சொல்லு மகளே" என்றார் துய்லோமா.

அவள் கையை வைத்தாள். துணிக்குக் கீழே கட்டையின் இழைத்த ஓரம் தெரிந்தது. கட்டை என்று தெரிந்தும் கை எலியோத்தாவின் கையைப் போலவே நடுங்கியது. சொன்னாள். முழுக்கைச் சட்டையை மடக்கிப் பார்க்கும்படியும் சொன்னாள். யாக்கோபோ வலது முழங்கையை இடது கையால் பொத்திக்கொண்டான். பொத்தியதே போதுமாக இருந்தது. அவன் தலை கவிழ்ந்தது. "ஆமா" என்றான், யாருக்கும் கேட்காத குரலில். துய்லோமா இன்னொரு முறை உரக்கச் சொல்ல வைத்தார்.

சத்தியம் அவிழ்ந்தது. குழந்தை தப்பித்தது. மூப்பர் பதவி போயிற்று, பட்டம் போயிற்று, இனி ஊருக்கு அபராதமாகக் கொடுக்க வேண்டிய பன்றிகளுக்கு யார் வீட்டுப் படியேறுவது என்று தெரியவில்லை, எல்லாம் போகட்டும். எலியோத்தாவின் தாயை இரண்டு பெண்கள் தூக்கி நிறுத்தினார்கள்.

துய்லோமாவின் கண் கலங்கியிருந்தது. அவர் மனதார நம்புகிறவர். ஊரில் வேதத்துக்குப் பயந்து பொய்யே சொல்லாத ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். அவர் ஊரைப் பார்த்துப் பேசினார்: "பாத்தீங்களா? புருஷன்னு பாக்கல, வேதத்துக்குப் பயந்தா. இந்த வேதம் இந்த ஊரை ஒரு நாளும் ஏமாத்துனதில்ல." பிறகு குனிந்து, தகப்பனைப் போலக் கேட்டார்: "உன் அண்ணன் விஷயத்துலயும் அதானே நடந்துச்சு? அன்னிக்கும் நீ வேதத்தைத்தான நம்புன? அவன் பொய் சொன்னான், வேதம் சொல்லல. இல்லையா மகளே?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொல்ல மூட்டையைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் கட்டை, கட்டையின் மேல் சொன்ன அவள் வார்த்தையும் கட்டையாகிவிடும், யாக்கோபோ நிமிர்ந்துவிடுவான், எலியோத்தாவின் தாய் மறுபடி புல்லில் விழுவாள். புல்லுக்கு அப்பால் போதகர் வீட்டுச் சன்னலில் வாயுலாவின் முகம் தெரிந்தது.

"ஆமாங்க ஐயா" என்றாள் சலாஃபை. "பொய்தான் சொன்னான்."

துய்லோமா திருப்தியோடு நிமிர்ந்து கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். தலைவர்கள் கண்ணை மூடினார்கள், புல்லில் இருந்தவர்கள் மூடினார்கள். சலாஃபையும் தலையைக் குனிந்தபோதுதான் பார்த்தாள். அவள் கை இன்னும் மூட்டையின் மேலேயே இருந்தது.

எடுத்தாள். எடுத்து என்ன? கை வைத்துச் சொன்னது சொன்னதுதான். ஜெபம் நீண்டது, மழைக்கும், மண்டபத்துக்கும், பிரசவிக்கப் போகும் பெண்களுக்கும் துய்லோமா நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் இன்னும் கலையவில்லை, வாயைத் திறக்க நேரம் இருந்தது. அவள் உதட்டை அசைத்துப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. எல்லாரும் ஆமென் என்றார்கள். அவளும் சொன்னாள்.